பிள்ளைக்குக் கேன்சர், ஊர் என்ன செய்யலாம்? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று மலையின் எந்தப் பக்கமானாலும், ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊர் செய்யும் முதல் காரியம் பணம் சேர்ப்பதுதான். அந்த மனசுக்கு இங்கே குறைவில்லை. எதற்கு, எவ்வளவு, யார் பெயரில், எத்தனை நாளைக்கு என்பதில்தான் குழப்பம். இந்த வேலையில் இருக்கும் எங்கள் குழுவிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் 4, 5, 7 ஆகிய மூன்றையாவது படித்துவிடுங்கள்.

1. சின்னப் பிள்ளைக்குக்கூடவா கேன்சர் வரும்? தோட்டத்துல மருந்து அடிக்கிறாங்களே, அதனாலயா?

வரும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதிகம் பார்ப்பது ரத்தப் புற்றுநோய். மூளைக் கட்டி, நிணநீர்ப் புற்றுநோய், சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா ஆகியவையும் உண்டு.

காரணம் என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுதான் என்று எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது. பத்தில் ஒருவருக்குப் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு பின்னணியில் இருக்கலாம். அம்மா கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று துருவுவதால் அந்தத் தாய் தகப்பனுக்கு வலிதான் மிச்சம். உதவப் போகும் வீட்டில் தயவுசெய்து அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

2. ஒட்டுமா? எங்க வீட்டுப் பிள்ளைங்க அவனோட விளையாடலாமா?

ஒட்டாது. ஆனால் உங்கள் பிள்ளையின் சளியும் அம்மையும் அவனுக்கு ஆபத்தாக முடியும். கீமோ (புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சை) நடக்கும் நாட்களில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளையை மட்டும் அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

3. உண்மையைச் சொல்லுங்க, பிழைக்குமா? கடைசில காசும் போய் பிள்ளையும் போயிடுச்சுன்னா?

வசதியான நாடுகளில் 100 பிள்ளைகளில் 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் அது 30-க்கும் கீழே. இரண்டு இடத்திலும் நோய் ஒன்றுதான், அடிப்படை மருந்துகளும் பெரும்பாலும் ஒன்றுதான். தாமதமாகக் கண்டுபிடிப்பது, நல்ல மையத்துக்குப் போய்ச் சேர முடியாதது, பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவது போன்றவைதான் இந்த இடைவெளியை உண்டாக்குகின்றன. 2030-க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஒரு திட்டம் தொடங்கியதும் இதற்காகத்தான்.

ஒரு பிள்ளை பிழைக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்வது ஊரின் கையில் இருக்கிறது. நாங்கள் திரட்டும் பணத்துக்கு முதல் வேலை அதுதான்.

4. முதலமைச்சர் காப்பீடு இருக்கே, அப்புறம் எதுக்கு வசூல்?

நியாயமான கேள்வி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் யார் வந்தாலும் முதல் நாள் வேலை இந்த அட்டைதான். அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் லட்சக்கணக்கில் வசூலில் இறங்குவது கொடுப்பவர்களுக்குச் செய்யும் நியாயமல்ல.

சரி, அட்டை வந்துவிட்டது. பிறகும் என்ன செலவு? மஞ்சூரிலிருந்தோ சேரம்பாடியிலிருந்தோ கோவைக்குப் போய்வர இரண்டு பேருக்கு ஆகும் வண்டிச் செலவு. ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு அறைக்கு வாடகை. அம்மா வார்டில் இருக்க, அப்பாவும் கூலி வேலைக்குப் போக முடியாமல் போகும் வருமானம். திட்டத்தில் வராத சில பரிசோதனைகள். முட்டை, பால், பழம். வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளைக்குச் சாப்பாடு. இவற்றில் எதற்கும் பில் போட்டுக் காப்பீட்டில் வாங்க முடியாது. குடும்பங்கள் தோடு, தாலிக்கொடியை அடகு வைப்பதும், கடைசியில் "அடுத்த தடவை போய்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் இந்தச் சில்லறைச் செலவுகளால்தான்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோழிக்கோடு பக்கம் என்று அங்கே போவது வழக்கம். தமிழ்நாட்டு அட்டை கேரளத்தில் செல்லுமா என்பதை அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

5. அப்போ எவ்வளவு சேர்க்கணும்? ஒரே மூச்சுல பத்து லட்சம் சேர்த்துக் கொடுத்துடலாம்னு பசங்க சொல்றாங்க.

பையன்களின் வேகம் நல்லது. ஆனால் ரத்தப் புற்றுநோயில் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு ஓடும். முதல் சில மாதம் கடுமையான கீமோ. அதன்பின் நீண்ட காலம் வீட்டிலிருந்தே மாத்திரை, இடையிடையே பரிசோதனை. முடி வளர்ந்துவிடும், பிள்ளை ஓடியாடும், பார்க்கிறவர்களுக்குக் குணமான மாதிரி தெரியும். ஊர் மறந்துபோவது அப்போதுதான். முதல் மாதத்தில் வந்து குவிந்த பணமும் அதற்குள் கரைந்திருக்கும். சிகிச்சை நின்றுபோகிற ஆபத்தான காலமும் அதுவே.

அதனால் பெரிய தொகையைவிட நீண்டு வருகிற தொகையைக் கேளுங்கள். 100 வீடு மாதம் 50 ரூபாய் கொடுத்தால் மாதம் 5,000. முப்பது மாதத்தில் 1,50,000. கேட்கச் சிறிதாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மாதமும் கீழே இறங்கிப் போக வண்டிக்காசு இருக்கிறது என்ற நிச்சயம் ஒரு தாய்க்கு எவ்வளவு பெரியது! எவ்வளவு தேவை என்பதை மருத்துவரிடம் சிகிச்சை அட்டவணை வாங்கி, மாதத்துக்கு எத்தனை பயணம், எத்தனை நாள் தங்கல் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். குத்துமதிப்பாக ஒரு லட்சக் கணக்கை அறிவிக்காதீர்கள்.

6. ஊட்டியிலேயே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வந்தாச்சே, எதுக்குக் கீழே போகணும்?

சந்தேகம் வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளிறிப்போவது, காரணமில்லாமல் உடம்பில் நீலத் தழும்பு, ராத்திரியில் எலும்பு வலி, வயிற்றில் கட்டி, கண்மணியில் வெள்ளை மினுக்கம் இருந்தால் மருந்துக்கடை சிரப்போடு நிறுத்தாமல் அங்கே காட்டுங்கள். ஆனால் கீமோ சிகிச்சைக்குப் பிள்ளைகளின் புற்றுநோய்க்கென்று பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர், ரத்த வங்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். கோவை, வேலூர் சிஎம்சி, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று போக வேண்டி வருவது இதனால்தான்.

இரண்டு கீமோவுக்கு நடுவில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை இங்கேயே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சரி என்றால் பல பயணங்கள் மிச்சம்.

7. ராத்திரி காய்ச்சல் வந்தா, காலையில முதல் பஸ்ஸுக்குப் போனா போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கீமோ நடக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் அது அவசரம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணத் தொற்றுகூடச் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். நரம்பில் போடும் ஆன்டிபயாடிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது தவறு.

ஊட்டியிலிருந்து கோவை மூன்று மணி நேரம். கூடலூரிலிருந்து இன்னும் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழி சுற்ற வேண்டும். ஆகவே முதல் டிஸ்சார்ஜ் அன்றே, "இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் ஊசி இதுதான்" என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டி உள்ளூர் அரசு மருத்துவமனையில் முதல் டோஸ் போட்டுக்கொண்டு, 108-லோ வாடகை வண்டியிலோ இறங்கலாம்.

இதற்கென்று தனியாக ஒரு தொகையை எடுத்து வைப்போம். அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. எந்த நேரம் கூப்பிட்டாலும் எழுந்து வரும் இரண்டு ஓட்டுநர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்போம். பந்தலூர்ப் பக்கம் யானை நடமாடும் சாலையில் இரவில் வண்டி எடுக்க எல்லோரும் முன்வர மாட்டார்கள். வருகிறவர்களை ஊர் மறக்கக் கூடாது.

8. சென்னைக்குப் போகச் சொல்லிட்டாங்க. ரயில் காசு, தங்கற இடத்துக்கு என்ன பண்றது?

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி பெட்டிகளில் ரயில்வே முழுச் சலுகை தருகிறது. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இதைத் தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிப் போகிற குடும்பங்கள் ஏராளம்.

தங்குவதற்கு, செயின்ட் ஜூட் இந்தியா என்ற அமைப்பு புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் குடும்பங்களுக்குச் சென்னையில் இலவசத் தங்குமிடம் நடத்துகிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழியாகக் கேட்க வேண்டும். பொதுவாகவே, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் நாளே சமூகப் பணியாளரைத் தேடிப் பாருங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிப்பது போன்றவற்றுக்கு வழிகாட்டுவதும் அவர்கள்தான்.

9. "ஊர்ல கை நீட்டணுமா, பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு"ன்னு அம்மா அழறாங்க. எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?

சம்மதிக்க வைக்க வேண்டாம், நேரம் கொடுங்கள். அவர்கள் சரி என்று சொல்லாமல் ஒரு ரூபாய்கூடத் திரட்டக் கூடாது.

பேச வாய்ப்பு வந்தால் அடையாறு மருத்துவமனையின் கதையைச் சொல்லுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மக்களிடம் நிதி கேட்டுத் திரட்டித்தான் 1954-ல் அதைத் தொடங்கினார். கல்யாணம், சாவு என்றால் மொய் எழுதுகிறோம், வாங்குகிறவர் தலைகுனிவதில்லை. இன்றைக்கு வாங்குகிறவர் நாளை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பார். இதையும் அப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பல தாய்மார்களுக்கு மனசு லேசாகிறது.

10. பணம் யார் பேர்ல வரணும்? என் கூகுள் பே நம்பரைப் போட்டுடவா?

போடாதீர்கள். உங்கள் சொந்தப் பணமும் பிள்ளையின் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள். வரியும் இருக்கிறது: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் அது வாங்கியவரின் வருமானமாகக் கணக்கிடப்படும்.

சிறு தொகை என்றால் தாயின் வங்கிக் கணக்கு போதும். பெரிய பில் என்றால் கொடுப்பவர்களே நேரடியாக மருத்துவமனைக் கணக்கில், பிள்ளையின் நோயாளி எண் குறிப்பிட்டுச் செலுத்தட்டும். தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, பான் எண் வாங்கி, இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாதபடி கணக்கு தொடங்குங்கள். 80ஜி அனுமதி இருந்தால், பழைய வரி முறையில் இருக்கும் கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. இவற்றை ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது.

வரவும் செலவும் மாதம் ஒருமுறை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டப்பட வேண்டும். கேட்டால் காட்டுகிறோம் என்பது போதாது.

11. அந்த அப்பா குடிப்பாரு. கையில கொடுத்தா டாஸ்மாக்குக்குத்தான் போகும்.

சில வீடுகளில் உண்மை. பல வீடுகளில் ஊர்ப் பேச்சு. இரண்டுக்கும் ஒரே வழி: எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே விதி. அறை வாடகை வீட்டுக்காரருக்கு, வண்டிக்காசு ஓட்டுநருக்கு, மளிகை கடைக்கு, கைச்செலவு தாயின் கணக்குக்கு. விதி எல்லோருக்கும் பொது என்றால் யாரும் தனியாக அவமானப்பட வேண்டியதில்லை. குடிக்கிற அப்பாவும் ராத்திரி முழுக்க வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். அவரையும் ஒரு தகப்பனாகத்தான் நடத்த வேண்டும்.

12. மொட்டைத் தலையோட பிள்ளை போட்டோ போட்டாத்தான் காசு வரும்னு சொல்றாங்களே?

வரும். இருந்தாலும் நாங்கள் போடுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒருமுறை போனது திரும்பாது. குணமாகி ஏழாம் வகுப்புக்குப் போகும் பெண்ணின் பழைய படம் இன்னமும் "அவசர உதவி" என்று சுற்றிக்கொண்டிருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வரன் பேசும்போதுகூட அதை நினைவுபடுத்த ஆள் இருப்பார்கள்.

செய்தியில் பிள்ளையின் வயது, வட்டம், சிகிச்சை நடக்கும் ஊர், தேவைப்படும் தொகை, பொறுப்பாளர் பெயர், தேதி, எந்தத் தேதியோடு வசூல் முடிகிறது என்பவை இருந்தால் போதும். தேதி இல்லாத செய்தியை நீங்களும் பகிராதீர்கள்.

13. குலுக்கல் கூப்பன் அடிச்சு பைக் பரிசு வைக்கலாமா? சீசன்ல நல்லா விக்கும்.

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. காசுக்குக் கூப்பன் விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது நல்ல காரியத்துக்கானாலும் வழக்கில் கொண்டுபோய் விடலாம். கேரள லாட்டரியை எல்லைக்கு இந்தப் பக்கம் விற்று லாபத்தைத் தருகிறோம் என்று வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மே மாத மலர் கண்காட்சி சமயத்தில் வர்க்கி, டீ, வேகவைத்த சோளம் என்று கடை போடலாம். இடத்துக்குரிய அனுமதி வேண்டும், பிளாஸ்டிக் தடையை மீறக் கூடாது. ஊர்களுக்கு இடையே வாலிபால், கிரிக்கெட் போட்டி நடத்தி நுழைவுக் கட்டணத்தை ஒதுக்குவது இன்னும் எளிது.

14. பச்சைத் தேயிலைக்கே விலை இல்லை. எங்ககிட்ட ஏது காசு?

தெரியும். அதனால்தான் விலை நன்றாக இருக்கும் மாதத்தில் மட்டும் கேளுங்கள் என்கிறோம். இலை எடை போடும் இடத்தில் ஒரு நோட்டு வைத்து, விருப்பப்பட்டவர் கணக்கில் ஒரு கிலோ இலையின் விலையைப் பிள்ளைக்கு எழுதலாம். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று வாசித்துக் காட்டக் கூடாது. காசு முடியாதவர் அந்த வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம், தோட்டத்தில் ஒருநாள் இலை பறித்துக் கொடுக்கலாம். பறிக்க ஆள் இல்லாமல் இலை முற்றிப்போனால் அந்தக் குடும்பத்துக்கு அதுவும் நஷ்டம்தானே.

15. காசு இல்லாம வேற என்ன பண்ணலாம்? ரத்தம் கொடுக்க எல்லாரும் வண்டி பிடிச்சுப் போலாமா?

மொத்தமாகப் போகாதீர்கள். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு அடிக்கடி தேவைப்படுவது தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். எடுத்த பிறகு 5 நாள்தான் தாங்கும். ஒரே நாளில் இருபது பேர் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் யாரும் இல்லையென்றால் பயன் இல்லை. பட்டியல் போட்டு முறை வைத்துப் போக வேண்டும். மலையிலிருந்து அழைத்துப் போவதைவிட, கோவையில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். கூப்பிட்ட அரை மணி நேரத்தில் ரத்த வங்கியில் நிற்பார்கள்.

குருத்தணு மாற்று, அதாவது எலும்பு மஜ்ஜை மாற்று, தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நெருங்கிய உறவினர் ரத்தம் கொடுப்பதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும்.

16. தம்பி துபாய்ல இருக்கான், சித்தப்பா கனடா குடியுரிமை வாங்கிட்டார். ரெண்டு பேரும் அனுப்பலாமா?

தம்பி இந்தியக் குடிமகன், அவர் வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சித்தப்பா வெளிநாட்டுக் குடிமகன், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும் அப்படித்தான். அவர் உங்கள் அறக்கட்டளைக்கு அனுப்பினால் 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தப் பதிவு சிறு குழுக்களிடம் இருக்காது. பிள்ளை அவருடைய சொந்த உறவு என்றால் குடும்பத்துக்கே நேராக அனுப்புவதற்கு வழி இருக்கிறது.

17. அந்த ஜனங்களுக்கு அவங்க சங்கமே இருக்கே, நம்ம எதுக்குக் கொடுக்கணும்?

படகர் ஊர் என்றால் ஹட்டியே, அதாவது ஊரே, கூடிவிடும். சர்ச், ஜமாத், கோயில் கமிட்டி உள்ளவர்களுக்கும் ஏதோ ஒரு கூரை இருக்கிறது. டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துக்கும், காட்டோரக் குடியிருப்பில் இருக்கும் பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆள் குறைவு. வருமானச் சான்று வாங்கவே அலைய வேண்டியிருக்கும். கேட்கத் தெரியாத வீட்டுக்கு நாமாகப் போக வேண்டும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பம் என்றால் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையோடு சேர்ந்து செய்வது நல்லது. அவர்களுக்கு அந்த மக்களின் பேச்சும் பழக்கமும் தெரியும்.

18. ஒரு வைத்தியர் மூலிகையிலேயே குணமாக்குறாராம். அதுக்குப் பணம் தருவீங்களா?

தர மாட்டோம். கீமோவோடு சேர்த்துக் கொடுத்தாலும், என்ன கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கல்லீரலைப் பாதித்தால் கீமோவையே நிறுத்த வேண்டி வரும். நேர்த்திக்கடன், பூசை, ஜெபம் குடும்பத்தின் விருப்பம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

19. கேக்கவே கஷ்டமா இருக்கு. பிள்ளை தவறிடுச்சுன்னா மீதிப் பணம் யாருக்கு?

கஷ்டமான கேள்விதான், ஆனால் வசூல் தொடங்கும் அன்றே எழுதி வைக்க வேண்டியது. எங்கள் விதி இது: முதலில், பிள்ளையைக் கொண்டுவரும் செலவு. அரசு மருத்துவமனையிலிருந்து இலவச அமரர் ஊர்திக்கு 155377. பிறகு காரியச் செலவும், குடும்பம் வாங்கிய கைமாற்றுக் கடனும். அம்மா அப்பா வேலைக்குத் திரும்பும் வரை சில மாத மளிகை. அதற்கும் மேல் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அடுத்து உதவி தேவைப்படும் வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு. அந்த வீட்டில் யாரிடமும் துக்கம் நடக்கும் வாரத்தில் கணக்கு கேட்கக் கூடாது. ஊருக்குக் கணக்கு சொல்வது குழுவின் பொறுப்பு.

குணப்படுத்த முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலி மாத்திரை, வண்டி, பால் எல்லாம் தேவைப்படும். அதுவரை கொடுத்த வீடுகள் அப்போது நிறுத்திவிடக் கூடாது.

20. சிகிச்சை முடிஞ்சு ஸ்கூலுக்குப் போறான். இனி நிறுத்திடலாம் தானே?

மாதத் தொகையை நிறுத்தலாம். மறுபரிசோதனைக்குப் பல ஆண்டு போய்வர வேண்டியிருக்கும், அந்த வண்டிக்காசை மட்டும் ஒதுக்கி வையுங்கள். 8-ம் கேள்வியில் சொன்ன ரயில் சலுகை தொடர் பரிசோதனைக்கும் உண்டு. காப்பீட்டு அட்டை செல்லுபடியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

படிப்பில் இரண்டு வருடம் பின்தங்கியிருப்பான். மாலையில் உட்கார்ந்து கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். வகுப்பில் யாரும் ஒதுக்கி உட்கார வைக்காதபடி, அவன் போகும் முதல் நாளுக்கு முன்பே ஆசிரியரிடம் 2-ம் கேள்வியின் பதிலைச் சொல்லிவிடுங்கள்.